பாரிஸ் பார்த்தவர்களே, மனதில் பட்டதைச் சொல்லுங்கள்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

தாழம்பூ:
ஜூன் மாதம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு பாரிஸ் போகிறோம். நாலு முழு நாள் கையில் இருக்கும். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். விட்டால் ஒரு கல்லைக்கூட விடாமல் பார்த்துவிட்டுத்தான் வருவார். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். சமதரையில் மெதுவாக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார், படி என்றால்தான் ஆகாது. யூடியூபில் எதைத் திறந்தாலும் "கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்" என்கிறார்கள். ஊரே கட்டாயமாக இருந்தால் நான் எதை விடுவது? போய் வந்தவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். எது தேறும், எது தண்டம்?

ஊர்சுற்றி77:
தண்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சாம்ப்ஸ் எலிசே சாலையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு எந்த நாட்டு ஏர்போர்ட்டிலும் கிடைக்கிற அதே பிராண்டு கடைகள்தான், நடுவில் கார்கள். அதன் கோடியில் இருக்கிற வெற்றி வளைவு மட்டும் பரவாயில்லை, அதுவும் மேலே ஏறினால்தான். ஏறுவதற்கு 284 படி.

அடுத்து லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிற மொனாலிசா. 77க்கு 53 சென்டிமீட்டர் படம், கண்ணாடிக்குப் பின்னால். கூட்டத்தில் நீங்கள் பார்க்கப்போவது முன்னால் நிற்பவரின் போனில் தெரிகிற மொனாலிசாவைத்தான். திருப்பதியில் ஜருகண்டி என்பதை இங்கே பிரெஞ்சில் சொல்லித் தள்ளுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மெட்ரோ சுரங்க நடைகளில் மூத்திர நாற்றம் உண்டு. தெருவில் சிகரெட் துண்டு உண்டு. பாரிஸைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி செண்ட் விளம்பரத்தில் பார்த்தது. அந்த நினைப்போடு போனால் முதல் நாளே முகம் சுருங்கிவிடும்.

நெய்தல்:
ஊர்சுற்றி சொல்வது பொய்யில்லை. ஆனால் மொனாலிசா அறையில் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் சிக்கலே. அதற்கு நேர் எதிர்ச் சுவரில் வெரோனேசே என்ற ஓவியரின் 'கானா ஊர்க் கல்யாணம்' இருக்கிறது. ஏறக்குறைய 10 மீட்டர் அகலம், 6.77 மீட்டர் உயரம். லூவ்ரிலேயே மிகப் பெரிய ஓவியம் அதுதான். வெனிஸில் ஒரு மடத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் இருந்ததை 1797இல் நெப்போலியனின் படை கழற்றிக்கொண்டு வந்தது. விருந்து மேசை, வாத்தியக்காரர்கள், நாய்கள், பந்தியில் பேசிக்கொண்டே சாப்பிடுகிற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். கிட்டே போய் ஒவ்வொரு முகமாகப் பார்க்கலாம், இடிக்க ஆளே இருக்காது. மொனாலிசாவுக்கு இத்தனை பேர் சேர்ந்ததற்கு 1911இல் அது திருட்டுப்போனதும் ஒரு காரணம். அப்போது படம் இருந்த வெற்றுச் சுவரைப் பார்க்கக்கூட ஜனம் வரிசையில் நின்றது.

தாழம்பூ, உங்கள் அப்பா வரலாற்று ஆசிரியர் என்றால் லூவ்ரில் அவரை நேராக ரிஷெலியூ பகுதிக்குக் கூட்டிப்போங்கள். பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டக்கல் அங்கேதான் இருக்கிறது. கறுப்புக் கல், ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், இரண்டேகால் மீட்டர். உச்சியில் அரசன் தெய்வத்தின் முன் நிற்கும் சிற்பம், அதற்குக் கீழே கல்லைச் சுற்றி நெருக்கமாக ஆப்பெழுத்து வரிகள். வகுப்பில் வருஷக்கணக்காகக் "கண்ணுக்குக் கண்" என்று நடத்தியிருப்பாரே, அந்தக் கல்லேதான். நகத்தளவு எழுத்தை வரி வரியாகக் கல்லில் வெட்டியிருப்பதைப் படத்தில் பார்த்தால் ஒன்றும் புரியாது. பக்கத்திலேயே இன்றைய இராக்கில் இருந்த கோர்சாபாத் அரண்மனையின் மனிதத் தலை கொண்ட சிறகுக் காளைகள். பக்கவாட்டில் பார்த்தால் நாலு கால், நேராகப் பார்த்தால் இரண்டு, மொத்தம் ஐந்து கால் செதுக்கியிருப்பார்கள். அப்பாவை எண்ணச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு: லூவ்ரில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடக்கிற ஆளாக இருந்தாலும் அந்தக் கட்டடத்துக்கு அது தேவை. செவ்வாய் விடுமுறை. புதன், வெள்ளி இரண்டு நாளும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், குழுவாக வருகிறவர்கள் கிளம்பிய பிறகு மூச்சுவிடலாம்.

கணக்கர்:
காசு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு லூவ்ரில் 32 யூரோ. நமக்கெல்லாம் அதுதான். மூன்று பேருக்கு 96. ஹமுராபிக்காகத் தரலாம், போனில் தெரிகிற மொனாலிசாவுக்காகத் தர மாட்டேன்.

ஓவியம்தான் பார்க்க வேண்டும் என்றால் ஓர்சே அருங்காட்சியகம் போதும் என்பது என் கட்சி. 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம், 1986இல் அருங்காட்சியகமாக்கினார்கள். பாதி நாளில் முடியும், லிஃப்ட் இருக்கிறது, வான்கோ, மொனே, ரெனுவார் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். திங்கள் விடுமுறை.

பல இடங்களுக்குச் சேர்த்து ஒரே சீட்டாகத் தருகிற மியூசியம் பாஸ் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஒன்று. ஈபிள் கோபுரம் அதில் சேராது. லூவ்ருக்குப் பாஸ் இருந்தாலும் நேரம் தனியாகப் பதிய வேண்டும். பாஸ் கையில் இருக்கிறதே என்று போய் நின்றால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

ரயில்பித்தன்:
ஈபிள் பற்றி என் கருத்து சண்டையை மூட்டும், இருந்தாலும் சொல்கிறேன். பாரிஸை எங்கிருந்து பார்த்தாலும் ஈபிள் தெரியும், ஈபிள் மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியாது. வெற்றி வளைவின் மாடியிலிருந்து பார்த்தால் கோபுரமும் சேர்ந்து தெரியும்.

வெறும் மெட்ரோ டிக்கெட்டில், உட்கார்ந்தபடி கோபுரத்தைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆறாம் எண் மெட்ரோவில் பாஸி நிலையத்திலிருந்து பிர் ஹக்கேம் வரை ஒரே ஒரு நிறுத்தம். வண்டி தரைக்கு மேலே வந்து சேன் ஆற்றைப் பாலத்தில் தாண்டும். அப்போது கோபுரம் முழுசாக ஜன்னலில் வந்து போகும். அந்தச் சில நொடி முடிந்ததும் எதிர்ப் பக்கம் போய் மறுபடி ஏறலாம். நான் அப்படித்தான் செய்வேன், யார் எப்படிப் பார்த்தால் என்ன.

ஊர்சுற்றி77:
ஆக ஈபிளில் ஏற வேண்டாம் என்று என்னையும் சேர்த்து இருவர் ஆயிற்று.

வட்டக்கச்சி:
நான் பாரிஸிலேயே இருக்கிறவன். ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற சொந்தக்காரர் எல்லாரையும் சுற்றிக்காட்டுகிற வேலை என் தலையில்தான். வயதானவர்களை ஈபிளில் ஏற்றாமல் அனுப்பாதேங்கோ. லூவ்ரைப் பற்றிப் போன பிறகு ஒருத்தரும் கதைத்ததில்லை. ஈபிள் படம் மட்டும் ஊரில் எல்லார் வீட்டு ஹோலிலும் தொங்குது. கோணம் சரியா, செலவு சரியா என்கிற கணக்கெல்லாம் அவர்களுக்கில்லை.

உச்சி வரை போகத் தேவையில்லை. இரண்டாம் தளம் போதும், அது தரையிலிருந்து ஒரு 115 மீட்டர். நோத்ர தாம் தேவாலயம், லூவ்ர், குன்றில் வெள்ளையாக நிற்கிற சாக்ரே கேர் கோயில் எல்லாம் அங்கிருந்து அடையாளம் பிடிக்கலாம். உச்சியில் 276 மீட்டரில் நிண்டால் ஊர் வரைபடம் மாதிரித் தட்டையாகிவிடும், காற்று கூடினால் அதையும் பூட்டிப்போடுவார்கள். படியால் போனால் இரண்டாம் தளத்துக்கு 674 படி, அம்மாவுக்கு அது சரிவராது. லிஃப்ட் டிக்கெட்டை இணையத்தில் திறந்தவுடனே எடுங்கோ. ஜூனில் சனம் கூட.

தாழம்பூ:
வட்டக்கச்சி அண்ணா, நன்றி. அம்மாவிடம் கேட்டேன். "ஈபிள் டவர் ஏறாமல் பாரிஸ் போனேன் என்று யாரிடம் சொல்வது?" என்கிறார். ஆக, ஏறுகிறோம். ரயில்பித்தன் மன்னிக்கவும், மெட்ரோ ஜன்னலும் உண்டு.

இரவில் விளக்கு மினுக்குவதைப் பார்க்க முடியுமா?

ரயில்பித்தன்:
இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மினுக்கும். ஆனால் ஜூனில் சூரியன் மறையவே பத்து மணி ஆகிவிடும். அம்மா பதினொரு மணி வரை தாங்குவாரா பாருங்கள். இதற்காகவே பிப்ரவரியில் போகலாம் என்பேன், குளிர் பரவாயில்லை என்றால்.

புதுவைக்காரன்:
நோத்ர தாமை யாரும் தொடவே இல்லையே! 2019 ஏப்ரல் 15இல் எரிந்தது, 2024 டிசம்பரில் திறந்தார்கள். உள்ளே நுழையக் கட்டணமில்லை, படி ஏற வேண்டியதில்லை, உள்ளே நாற்காலிகள் இருக்கின்றன. தாழம்பூ சொன்ன எல்லா நிபந்தனைக்கும் பொருந்துகிற ஒரே பெரிய இடம்.

மனதில் பட்டதைச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். தீக்கு முன்பு பார்த்தவர்களுக்கு இப்போது உள்ளே போனால் ஒரு மாதிரி இருக்கும். நூற்றாண்டுகளாகப் படிந்த மெழுகுப் புகையும் தூசியும் போய், சுவர் வெண்ணெய் நிறத்தில் நேற்றுக் கட்டியதுபோல் இருக்கிறது. எனக்குப் பழைய இருட்டுதான் பிடிக்கும். என் மனைவிக்கு இதுதான் பிடிக்கிறது: 12ஆம் நூற்றாண்டில் கட்டியவர்கள் பார்த்த வெளிச்சம் இதுதானே, நீங்கள் விரும்புவது அழுக்கை என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

நோத்ர தாம் இருக்கிற அதே சேன் ஆற்றுத் தீவில் சேன்ட் ஷப்பேல் என்ற தேவாலயம். இது காசு கொடுத்துப் பார்க்கிற இடம், நீதிமன்றக் கட்டடத்துக்குள் இருப்பதால் பாதுகாப்புச் சோதனையும் உண்டு. ஒன்பதாம் லூயி மன்னன் இயேசுவின் முள்முடி என்று நம்பப்பட்டதை வைப்பதற்காக 13ஆம் நூற்றாண்டில் கட்டினான். கீழ்த்தளத்தைப் பார்த்து இவ்வளவுதானா என்று திரும்பிவிடாதீர்கள். மேல்தளத்தில் சுவர் என்று ஒன்று இல்லவே இல்லை, சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு வண்ணக் கண்ணாடி. மொத்தம் 1,113 காட்சிகள். வெயில் அடிக்கும்போது போனால் தரையில் நீலமும் சிவப்பும் கொட்டிக் கிடக்கும், மேகமாக இருந்தால் பாதி அழகு போச்சு. எனவே நாளை முன்கூட்டி முடிவு செய்யாமல் இருக்க முடிந்தால் நல்லது. மேலே போகிற வழி குறுகலான சுழல் படி. அம்மாவுக்கு மாற்று வழி உண்டா என்று பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கர்:
உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

வட்டக்கச்சி:
ஒரு பெரிய விஷயம் விட்டுப்போச்சு. இந்த ஊர் மெட்ரோ முழங்காலுக்கு எதிரி. 14ஆம் எண் தவிர மற்றப் பாதைகளில் அநேகமான நிலையங்களுக்கு லிஃப்ட் இல்லை. எஸ்கலேட்டர் பாதி தூரம் கொண்டுவந்து விட்டுவிட்டு மிச்சத்துக்குப் படியைக் காட்டும். பாதை மாறுகிற இடங்களில் சுரங்கத்துக்குள்ளேயே ஏறி இறங்க வேண்டும். ரயில்பித்தன் சொன்ன பாஸி நிலையத்திலும் படி இருக்கு, ஆசைக்கு ஒருக்கால் போங்கோ.

அம்மாவுக்கு பஸ்தான். தாழ்தளப் பஸ், ஏறுவது சுகம், ஊரும் பார்க்கலாம். 69ஆம் எண் ஈபிள் பக்கத்தில் ஷாம் து மார்ஸில் வெளிக்கிட்டு, லூவ்ர், நகர மண்டபம், பஸ்தீல் எல்லாம் தாண்டி பேர் லஷேஸ் கல்லறைத்தோட்டப் பக்கம் போகும். சுற்றுலாப் பஸ்காரர் கேட்கிற காசில் பத்தில் ஒரு பங்குகூட வராது. காலையில் வேலைக்குப் போகிற நேரத்தைத் தவிர்த்தால் இருக்க இடம் கிடைக்கும்.

சாக்ரே கேருக்குப் போனால் படிக்கட்டுப் பக்கம் போகாதேங்கோ. பக்கத்திலேயே இழுவை ரயில் ஓடுது, சாதாரண மெட்ரோ டிக்கெட்டே செல்லும். படியடியில் நூல் கட்டுகிற பொடியள் நிற்பார்கள். சிநேகமாகக் கதைத்துக்கொண்டே மணிக்கட்டில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுக் காசு கேட்பார்கள். அப்பா அம்மாவிடம் முதலே சொல்லிவையுங்கோ. நம்முடைய ஆட்கள் மரியாதைக்குக் கையை நீட்டிவிடுவார்கள். லூவ்ர், ஈபிள் பக்கம் கையெழுத்துக் கேட்டு அட்டை நீட்டுகிற பிள்ளைகளும் அப்படித்தான், நீங்கள் எழுதுகிற நேரம் மற்றவளின் கை பையில் இருக்கும்.

ஊர்சுற்றி77:
இதையெல்லாம் கேட்ட பிறகும் சாக்ரே கேர் போவார்களா?

வட்டக்கச்சி:
போவார்கள். கோயிலுக்குள் போகக் காசில்லை, வாசலில் நிண்டால் முழு ஊரும் காலடியில். ஆனால் பின்னால் தெர்த்ர் சதுக்கத்தில் படம் கீறுகிறவர்களிடம் விலை பேசாமல் உட்காரக் கூடாது.

நெய்தல்:
இன்னொன்று சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது. கிமே அருங்காட்சியகம். ஈபிளுக்கு ஆற்றின் மறுகரையில், ட்ரொகாடெரோவிலிருந்து நடக்கும் தூரம். ஆசியக் கலைக்கென்றே உள்ள இடம், ஈபிள் கட்டி முடித்த அதே 1889இல் பாரிஸில் திறந்தது. அங்கே தமிழ்நாட்டிலிருந்து போன 11ஆம் நூற்றாண்டு நடராஜர் இருக்கிறார், சோழர் காலத்து வெண்கலம். கூடவே கம்போடியாவின் அங்கோர் சிற்பங்கள், அந்த நாட்டு மன்னன் ஏழாம் ஜெயவர்மன் தலை. கண்ணை மூடிய அந்த முகத்துக்கு முன்னால் அரை மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஊர்சுற்றி77:
சகோ, பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து போய் நடராஜரைப் பார்ப்பதா? தஞ்சாவூருக்கு பஸ் இருக்கிறது.

நெய்தல்:
கோயிலில் பட்டும் மாலையும் போர்த்திப் பார்க்கிறோம். முதுகுப்புறம், விரிந்த சடையின் முனை, முயலகன் முகம் எல்லாம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அங்கே எட்டிப் பார்க்கலாம். அவர் எப்படி அங்கே போனார் என்று அப்பா கேட்பார், அந்தக் கேள்வியோடு லூவ்ருக்குப் போனால் வெரோனேசே படத்தையும் ஹமுராபி கல்லையும் வேறு மாதிரிப் பார்ப்பார். ஹமுராபி கல்கூட பாபிலோனில் கிடைக்கவில்லை. இன்றைய ஈரான் பக்கம் இருந்த ஈலம் என்ற நாட்டின் அரசன் கொள்ளையடித்துக்கொண்டுபோன கல், அங்கே சூசா நகரில் 1901இல் தோண்டி எடுத்தது. அங்கிருந்து பாரிஸ்.

தாழம்பூ:
இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கிமே உறுதி.

ஆனால் அவர் வெர்சாய் அரண்மனையையும் விட மாட்டேன் என்கிறார். முதல் உலகப் போருக்குப் பிறகு 1919 ஒப்பந்தம் கையெழுத்தான அறையில் நிற்க வேண்டுமாம். அம்மா அந்த ஒரு நாள் கடைத்தெருவுக்கு வேண்டும் என்கிறார். போகத்தான் வேண்டுமா? அப்புறம் தரையடி எலும்புச் சுரங்கம் என்கிறார்களே, அது?

கணக்கர்:
சுரங்கம் வேண்டாம். 60 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் எலும்பு அடுக்கிய இடம், சுவாரசியம்தான். ஆனால் 131 படி இறங்கி 112 படி ஏற வேண்டும். லிஃப்ட் கிடையாது.

புதுவைக்காரன்:
வெர்சாய்க்கு ஆர்.இ.ஆர். 'சி' என்கிற புறநகர் ரயிலில் போகலாம். திங்கள் விடுமுறை. செவ்வாய் போகாதீர்கள், அன்றைக்கு லூவ்ர் மூடியிருப்பதால் அந்தக் கூட்டமும் இங்கே வரும். அரண்மனைக்குள் நீங்கள் நடக்க மாட்டீர்கள், கூட்டம் நடத்திக்கொண்டு போகும். கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடி. 1871இல் ஜெர்மன் பேரரசை அறிவித்ததும் அங்கேதான், அதற்குப் பழிவாங்கத்தான் 1919இல் அதே மண்டபத்தில் ஜெர்மனியைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். இது தெரிந்தவருக்கு அந்த இடம் கதை சொல்லும், தெரியாதவருக்குப் பொன்முலாம் பூசிய நெரிசல். அதனால் அப்பாவை நீங்கள் கூட்டிப்போங்கள், அம்மாவை விடுங்கள். நாலு நாளும் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று யார் சொன்னது?

இன்னொன்று. பிரெஞ்சுக்காரர்கள் முசுடு என்று எழுதாத ஆளில்லை. கடைக்குள் நுழைந்ததும் "போன்ஷூர்" சொல்லாமல் நேராக விலை கேட்டால் அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. வணக்கம் சொன்ன பிறகு பாருங்கள், அதே ஆள் அரை ஆங்கிலத்தில் வழி சொல்ல வாசல் வரை வருவார். ஹோட்டலில் தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் குப்பியில் இலவசமாகக் கொண்டுவந்து வைப்பார்கள், நல்ல தண்ணீர். தெருவோரச் சாம்பல் நிறக் கூண்டுக் கழிப்பறைகளுக்கும் காசில்லை. உள்ளே இருந்தவர் வெளியே வந்ததும் கதவு மூடித் தானே கழுவிக்கொள்ளும், அது முடியும் வரை பொறுக்க வேண்டும். முன்னவர் திறந்துவிட்ட கதவிலேயே புகுந்தால் குளித்துவிட்டு வரலாம்.

வட்டக்கச்சி:
அம்மா கடைத்தெரு கேட்டால் லாச்சப்பல்தான். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஃபோபூர் சென் தெனி தெரு. புடவைக்கடை, நகைக்கடை, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் இருக்கு. பெயர்ப்பலகையைத் தமிழிலேயே வாசிக்கலாம். ஈபிளைப் பார்த்ததைவிட அங்கே சந்தோசப்பட்ட அம்மாக்களை எனக்குத் தெரியும். கிட்டத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். ஆகஸ்ட் கடைசி வாக்கில் தேர் இழுக்கிற நாளில் வந்தால் நடுத்தெருவில் மலைமலையாகத் தேங்காய் உடைக்கிறதைப் பார்க்கலாம். ஜூனில் அது கிடையாது.

ஊர்சுற்றி77:
அழகான இடம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நெரிசல், சத்தம், நடைபாதையில் சிகரெட் விற்பவர்கள். சாப்பாடு மட்டும் நன்றாக இருக்கும்.

வட்டக்கச்சி:
அழகு என்று நான் எங்கே சொன்னேன்?

தாழம்பூ:
ஓரளவு முடிவாகிவிட்டது. ஈபிள் இரண்டாம் தளம் காலையில், அப்படியே கிமே. புதன் மாலை லூவ்ர், சக்கர நாற்காலியோடு. அம்மா முதலில் "நான் என்ன நோயாளியா?" என்றார், உட்கார்ந்து வந்தால் கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றதும் சரி என்றுவிட்டார். நோத்ர தாமும் சேன் படகும் ஒரு நாள். வெர்சாய் அன்று அப்பாவும் நானும் ரயிலில், அம்மா லாச்சப்பலில் என் தோழியோடு. சேன்ட் ஷப்பேல் வெயிலைப் பொறுத்து. சாம்ப்ஸ் எலிசே கிடையாது.

படகு எந்த நேரம் நல்லது?

ரயில்பித்தன்:
ஒரு மணி நேரச் சவாரி, இரவு ஒன்பதுக்கு ஏறுங்கள். பாலங்களுக்கு அடியில் போகும்போது வெயில் சாய்ந்திருக்கும், கண் கூசாது. ஒலிபெருக்கியில் ஆறு மொழியில் மாறி மாறிப் பேசுவார்கள், அதைக் காதில் வாங்க வேண்டாம். மேல்தளத்துக்குப் படி உண்டு. அம்மாவுக்குக் கீழ்த்தளத்திலேயே திறந்த பக்கமாக இடம் பிடிக்க அரை மணி முன்னால் போய்விடுங்கள்.

வட்டக்கச்சி:
ஒரு ஸ்வெட்டரும் கொண்டுபோங்கோ. ஆற்றில் ஜூனிலும் குளிரும்.